நூறில் ஒரு பங்கு வினாடியை விடுங்கள்

ஒலிம்பிக்ஸ் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் பி.டி. உஷாவை இழுத்துவிடுவார். "கடைசியில் நெஞ்சை மட்டும் முன்னால் நீட்டியிருந்தால் மெடல் கிடைத்திருக்கும் சார்" என்பார். பக்கத்தில் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். நாற்பது வருடமாக இந்த உச்சுக் கொட்டலைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்திலும் இதே பல்லவிதான். அங்கே நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் பேச்சு அகவிலைப்படிக்குத் தாவிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். பொறுமையுள்ளவர்கள் படியுங்கள்.

நடந்தது என்ன? 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தை ஒலிம்பிக்ஸில் சேர்த்ததே அந்த வருடம்தான். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 வினாடியில் முதலாவது. அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20. ருமேனியாவின் கொஜோகாரு 55.41. நம் உஷா 55.42. அரையிறுதியில் அவர் ஓடியது 55.54. அதாவது, இறுதிப் போட்டியில் அவர் தன்னுடைய அரையிறுதி நேரத்தையே முந்தினார். அதுவும், தவறான தொடக்கம் என்று ஒரு தடவை எல்லோரையும் திருப்பி அழைத்து மறுபடி நிறுத்தி ஓடவிட்ட பந்தயம் அது. வயது இருபது. ஓடிப் பழகியது பய்யோலி கடற்கரை மணலில்.

அப்போது எனக்கு மாஹேயில் வேலை. புதுச்சேரி அரசு ஊழியனுக்கு காரைக்கால், மாஹே, ஏனாம் என்று மூன்று வனவாசங்கள் உண்டு. என் பங்குக்கு மாஹே வாய்த்தது. அங்கிருந்து தெற்கே வடகரையைத் தாண்டினால் பய்யோலிதான். ஆகவே எங்கள் அலுவலகத்தில் அந்த நான்காவது இடம் பக்கத்து வீட்டுத் துக்கம் மாதிரி இறங்கியது. தலைமை எழுத்தர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் அன்றைக்கே அவரிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினேன்: 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் எம்.டி. வல்சம்மா தங்கம் வாங்கிய நேரம் 58.47. இரண்டே வருடத்தில் இன்னொரு இந்தியப் பெண் அதிலிருந்து மூன்று வினாடிக்கு மேல் குறைத்திருக்கிறார். இதற்கு ஏன் சார் மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டும்? அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

55 வினாடியில் 400 மீட்டர் என்றால் வினாடிக்கு ஏழு மீட்டருக்குச் சற்று மேல். நூறில் ஒரு பங்கு வினாடி என்பது ஏழு சென்டிமீட்டர், ஒரு விரல் நீளம். அந்த விரல் நீளத்தை நாம் எல்லோரும் கடைசிக் கோட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் பத்து தடுப்புகள் இருந்தன. ஒன்றில் இரண்டு விரல் அதிகமாக எழும்பினால், ஒன்றின் முன்னால் அரை அடி தயங்கினால், ஏழு என்ன, எழுபது சென்டிமீட்டர் போய்விடும். எனவே நெஞ்சை நீட்டும் கதை 100 மீட்டர்க்காரர்களுக்கு. 400 மீட்டர் தடை ஓட்டம் எண்ணிக்கையில் ஜெயிக்கிற, எண்ணிக்கையில் தோற்கிற பந்தயம். அதை முதலில் கற்றுக்கொடுக்காமல், வேகமாக ஓடு, தாண்டு, தொங்கு என்று பிள்ளைகளை இறக்கிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் சாம்பியன் இல்லை. பிரெஞ்சு வழியில் படித்தவன். அறுபதுகளின் கடைசியில் எங்கள் உடற்பயிற்சி மிசியே என்னை இந்த ஓட்டத்தில் போட்டார். பிரெஞ்சில் தடுப்புக்கு 'ஏ' என்று பெயர். அதற்கு வேலி என்றே அர்த்தம், வயல் ஓரத்தில் இருக்கும் உயிர்வேலி. தமிழில் 'தடை' என்கிறோம். எனக்கு வேலிதான் பிடித்திருக்கிறது. தடை என்றால் முட்டி மோதத் தோன்றும். வேலியைப் பார்த்தால் எங்கே கால் வைத்து எப்படித் தாண்டுவது என்று யோசிக்கத் தோன்றும். மிசியே முதல் மூன்று வாரம் எங்களை ஓடவே விடவில்லை. செம்மண் தடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு எண்ணிக்கொண்டே போகச் சொன்னார். கணக்கு வகுப்பிலிருந்து தப்பித்து மைதானத்துக்கு வந்தால் அங்கேயும் கணக்கு.

அவருக்கு ஜியோ அந்த்ரே என்றால் உயிர். 1920 ஆன்ட்வெர்ப், 1924 பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்ஸிலும் இதே ஓட்டத்தில் நான்காவதாக வந்த பிரெஞ்சுக்காரர். அவர் பெயரில் பாரிஸில் ஒரு மைதானமே இருக்கிறது. நான்காவது இடத்துக்கு உச்சுக் கொட்டாத ஊரும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடுப்பு 45 மீட்டர். பிறகு 35 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்து. பத்தாவதுக்கு அப்புறம் 40 மீட்டர் வெறும் ஓட்டம். உயரம் ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. தடுப்புக்கு இரண்டு மீட்டர் முன்னால் எழும்பி, தாண்டி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி இறங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 35 மீட்டரிலும் ஓடுவதற்கு மீதி இருப்பது 32க்குச் சற்றுக் குறைவு. இதை 15 எட்டில் கடக்க வேண்டுமென்றால் ஒரு எட்டு 2 மீட்டர் 10 சென்டிமீட்டருக்கு மேல். 17 என்றால் 1 மீட்டர் 87 போதும். 13 என்றால் இரண்டரை மீட்டரை நெருங்க வேண்டும். நெட்டையான, பலமான ஆண்களால்தான் முடியும்.

இதில் இன்னொரு சூட்சுமம். 13, 15, 17 என்று ஒற்றைப்படையில் எட்டு வைத்தால் ஒவ்வொரு தடுப்பையும் ஒரே காலை முன்னால் நீட்டித் தாண்டலாம். 14, 16 என்று இரட்டைப்படை வந்தால் கால் மாறும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒரு கால்தான் வரும். களைத்துப் போய் 15 எட்டாதபோது 16இல் தாண்ட இன்னொரு காலுக்குத் தைரியம் இல்லை. அதனால் தடுப்புக்கு முன்னால் தட்டுத்தடுமாறி இரண்டு குட்டி எட்டு போட்டு 17 ஆக்குவார்கள். அந்த இரண்டு குட்டி எட்டில் வண்டிக்கு பிரேக் போட்ட மாதிரி வேகம் செத்துவிடும். செத்த வேகத்தோடு எழும்பினால் தாண்டுவது உயரமாகும், இறங்குவது கனமாகும், அடுத்த தடுப்பு இன்னும் தூரமாகும். ஒரு தடுப்பில் விட்டது ஒவ்வொன்றாகத் தொடரும், வட்டிக்கு வட்டி மாதிரி.

வளைவில் வேறொரு தொல்லை. நாம் ஓடுவது இடப்பக்கமாக வளையும் பாதை. இடது காலை முன்னால் நீட்டுபவர் பாதையின் உள்பக்கத்தை ஒட்டியே போகலாம். வலது கால்காரருக்குப் பின்னால் வருவது இடது கால். அது தடுப்பின் மேலாக வராமல் உள்பக்கமாகத் தாழ்ந்து வழுக்கிவிட்டால் தகுதி நீக்கம். அதற்குப் பயந்து அவர் நடுவிலோ வெளியிலோ ஓடி தூரத்தைக் கூட்டிக்கொள்வார்.

எட்வின் மோசஸ் என்ற அமெரிக்கரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கல்லூரியில் ஓடுவதற்குத் தடமே கிடையாது. 1976 மாண்ட்ரியலில் 47.64இல் உலக சாதனையோடு தங்கம். 1977 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றவர், மறுபடி தோற்றது 1987 ஜூனில்தான். நடுவில் 122 பந்தயங்கள்! அவருடைய ரகசியம் என்று ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பாதி வழியில் 13லிருந்து 14, 15 என்று மாறிக்கொண்டிருந்தபோது, இவர் முதல் தடுப்பிலிருந்து பத்தாவது வரை 13. கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு அதை ஓடிக் காட்டியவர். ஒரு குமாஸ்தாவுக்கு இவரைப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் எல்லோரும் மோசஸ் ஆக வேண்டியதில்லை. 1968 மெக்சிகோவில் 48.12இல் உலக சாதனை படைத்த இங்கிலாந்தின் டேவிட் ஹெமரி பாதி தூரம் வரை 13, பிறகு 15. கெவின் யங் 1992 பார்சிலோனாவில் 46.78 ஓடியபோது நான்காவது, ஐந்தாவது தடுப்புகளுக்கு 12 எட்டு, மற்றவற்றுக்கு 13. கடைசித் தடுப்பை இடித்துக்கொண்டுதான் போனார், அது வேறு. இப்போது சிட்னி மெக்லாஃப்லின் இரண்டு காலிலும் சமமாகத் தாண்டுகிறார், 14ம் 15ம் கலந்து. 2024 பாரிஸில் 50.37. அந்தக் காலத்து மிசியே இதைப் பார்த்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார். இவர்கள் எல்லோரும் எங்கே மாற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு மாற்றுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு உடம்பு முடிவு செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணுவது பற்றி ஒரு கிளைக்கதை. பிரெஞ்சில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அசை. 'ட்ரெஸ்' என்றால் பதின்மூன்று, 'கேன்ஸ்' என்றால் பதினைந்து. ஓடிக்கொண்டே எட்டுக்கு ஒன்றாக எண்ணலாம். தமிழில் "பதினஞ்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று எட்டு போய்விடும். இதற்காக நம் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்க வேண்டியதில்லை. நம்மிடம் சொல்கட்டு இருக்கிறது. தகதகிட என்று மூன்று தடவை சொன்னால் 15. தகதிமி நான்கு தடவை 16. மூன்று தகதிமி, ஒரு தகதகிட சேர்த்தால் 17. எழுத்துக்கு ஒரு எட்டு. நட்டுவனார் கையில் தாளம் இருப்பது மாதிரி காலில் இருக்க வேண்டும்.

அடுத்தது வேகத்தைப் பங்கிடுவது. ஐந்தாவது தடுப்பு 185 மீட்டரில், ஆறாவது 220இல். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் இரண்டாவது வளைவில் வருகின்றன. எட்டாவது 290 மீட்டர். பந்தயம் அங்கேதான் முடிவாகிறது என்பேன். தொடை கல்லாகிக்கொண்டிருக்கும், வளைவும் முடிந்திருக்காது, கண்ணுக்குக் கோடு தெரியாது. முதல் 200ஐ முழு மூச்சில் ஓடியவருக்கு அந்த இடத்தில் எட்டு குறுகும். முதல் பாதியைவிட இரண்டாம் பாதி இரண்டு மூன்று வினாடி கூடுதலாக ஆவது பெரிய வீரர்களுக்கும் இயல்புதான். ஐந்து ஆறு வினாடி கூடினால் அது களைப்பு இல்லை, பங்கிடத் தெரியாதது. நான் சொல்லும் முறை எளிது: ஐந்தாவது தடுப்பைத் தாண்டி இறங்கும்போது வாய் விட்டு இரண்டு வார்த்தை பேசும் அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். மிசியே உண்மையிலேயே எங்களைப் பேசச் சொல்வார். பக்கத்துப் பாதைக்காரனைத் திட்டிக்கொண்டு ஓடியதுதான் என் சாதனை.

நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோல்ம் துப்பாக்கிச் சத்தத்திலிருந்தே வெறி பிடித்த மாதிரி ஓடுகிறாரே, 2021இல் டோக்கியோவில் 45.94 ஓடினாரே என்று என் மருமகன் மடக்குவார். ஓடினார், மறுக்கவில்லை. எத்தனையோ வருடம் கணக்கு பிசகாமல் பழகி, அதன் மேல் வேகத்தைக் கட்டியவர் அவர். அப்படிப்பட்டவரே 2024 பாரிஸில் 47.06இல் இரண்டாவதாக வந்தார்; தங்கம் 46.46 ஓடிய ராய் பெஞ்சமினுக்குப் போனது. அதே பாரிஸில் பெண்கள் இறுதியில் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் கடைசி நேர்ப்பாதையில் தளர்ந்து மூன்றாவதாக வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் பதினேழு வயதுப் பெண் என்ன செய்வாள்?

பதினேழு வயதுப் பெண் என்று சும்மா சொல்லவில்லை. என் தங்கையின் பேத்தி. பதினொன்றாம் வகுப்பு. போன பருவத்தில் ஒரு போட்டியில் எட்டாவது தடுப்பில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் ஒரே ரகளை. "அண்ணே, காலு போச்சுன்னா யாரு வந்து கட்டிக்குவான்? இத்தோட நிறுத்தச் சொல்லு" என்று தங்கை என்னிடம் வந்து நின்றாள். ஒரு பெண் பிள்ளை மைதானத்தை விட்டுப் போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். விழுந்தது ஒரு நாள், உட்காருவது ஆயுள் முழுக்க.

நான் பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தாத்தா, நாலு ஹர்டில் வரைக்கும் பதினஞ்சு வருது. அப்புறம் எத்தனைன்னே தெரியல. எட்டாவதுல காலே வரமாட்டேங்குது" என்றாள். பயிற்சியாளர் என்ன சொன்னார் என்றேன். பெரிய வீராங்கனைகள் எல்லாம் 15தான், நீயும் 15 போடு, முதல் 200 முழு வேகத்தில் போய்விடு, பிறகு பல்லைக் கடித்துக்கொள் என்றாராம். வலது கால் மட்டும்தான் பழக்கம். இடது காலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அந்த ஓட்டத்தில் அவளை ஏன் போட்டார்கள் தெரியுமா? 400 மீட்டரில் நான்காவதாக வந்தாள். தடை ஓட்டத்துக்கு ஆள் குறைவு, சான்றிதழ் கிடைத்துவிடும் என்று தள்ளிவிட்டார்கள். இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். 400 மீட்டர் தடை ஓட்டச் சான்றிதழ்கள் வரும். ஓடியவர்கள் மொத்தமே மூன்று பேர், மூன்றாவது இடம் என்று இருக்கும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு வேலைக்கு, ஒரு கல்லூரி இடத்துக்கு அவர்கள் பாடுபடுகிறார்கள். மிஞ்சியவர்களைப் போடும் இடமாக இதை வைத்திருக்கும் பெரியவர்கள் மேல்தான். எண்ணவும், இரண்டு காலிலும் தாண்டவும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், முழங்கால் உயரத் தடுப்பில், விளையாட்டாகப் பழக்க வேண்டியதைப் பதினேழு வயதில் போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தால் முழங்கால் பெயராமல் என்ன செய்யும்?

நம் மண்ணில் ஆள் இல்லாமலா? திருப்பூர் மாவட்டத்து அய்யாசாமி தருண் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 48.96 ஓடி வெள்ளி வாங்கினார். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தகுதிச் சுற்றில் ஓடிய நேரம் எவ்வளவு தெரியுமா? 55.42. உஷாவின் அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல், 39 வருடத்துக்குப் பிறகு. இறுதிப் போட்டியில் 55.68 ஓடி வெண்கலம். எனக்கு அன்று மாஹேயின் தலைமை எழுத்தர் ஞாபகம் வந்தது. 39 வருடம் ஒரு நேரம் அப்படியே நின்றிருக்கிறது என்பதற்கு யாரும் உச்சுக் கொட்டியதில்லை. ஒரு விரல் நீளத்துக்குத்தான் அழுதுகொண்டிருந்தோம்.

தங்கையிடம் ஒரு வருடம் தவணை கேட்டிருக்கிறேன். மருத்துவர் ஓடலாம் என்ற பிறகுதான் ஆரம்பித்தோம். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போகிறோம். எனக்கு ஒரு மடக்கு நாற்காலி, பேத்திக்கு நான்கு தாழ்வான தடுப்புகள். முதல் தடுப்பு வரைக்கும் எத்தனை எட்டு என்பதைச் சுண்ணாம்பில் குறித்தாயிற்று. 24, தினமும் 24, காற்று அடித்தாலும் 24. பிறகு எல்லாம் 17. சின்ன வயதில் நாலு வருடம் பரதம் கற்றவள் ஆகையால் சொல்கட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் இடது கால் மட்டும், ஓட்டம் கூட இல்லை, நடந்துகொண்டே தாண்டுவது. அது பழகினால் அடுத்த வருடம் 16க்குப் போகலாம்.

15லிருந்து 17க்கு இறங்கினால் ஆரம்பத்தில் பின்தங்குவாள் என்கிறார் பயிற்சியாளர். நாலாவது தடுப்பு வரைக்கும் பின்தங்கட்டும். போன செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக எட்டு தடுப்பு வைத்து ஓடவிட்டேன். எட்டாவதைத் தாண்டி இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, "தகதகிட" என்று கத்தினாள். தூரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.